யார் வீட்டு நெய்?

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலை வேளையில் நடந்தால் இரண்டு சத்தங்கள் காதில் விழும். ஒன்று தறிச் சத்தம். அது என் பாட்டனார் காலத்திலும் கேட்டது. மற்றொன்று, தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கைபேசியிலிருந்து வரும் தொடர்கதையின் அழுகை. அது நம் காலத்துச் சத்தம்.

நான் அந்தத் தெருக்களில் ஒன்றில் பிறந்தவன். தறியில் உட்காராமல் பேனாவைப் பிடித்தவன். கல்லூரிப் படிப்பையும் பாதியில் விட்டவன். ஆகவே ஊருக்குப் போகிறபோதெல்லாம் தறி நெய்கிற யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால்தான் எனக்கு மனசு ஆறும். பெரும்பாலும் அது எதிர்வீட்டு அண்ணனின் திண்ணையாக இருக்கும். உறவு கிடையாது. ஆனாலும் அண்ணன்தான்.

அண்ணன் தொடர்கதை பார்ப்பதில்லை, கேட்பார். பட்டு நெய்கிறவன் பாவைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் பிரித்து எடுக்க அரை நாள் ஆகும். அதனால் கண் பாவிலும் காது கைபேசியிலுமாக உட்கார்ந்திருப்பார். கதாநாயகியின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. குரல் தெரியும். அவள் மாமியாரின் குரல் அதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் யாராவது கேட்டால், "அதெல்லாம் உங்க அண்ணி கேக்கறது" என்று சொல்லிவிடுவார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே சிரிப்பாள்.

2025-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் நான் போயிருந்தபோது, கதாநாயகிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அதைப் பிரிக்கப் போகிறாள். வாத்தியம் உச்சத்துக்குப் போயிற்று. அப்படியே நின்றுவிட்டது. அண்ணி எழுந்து போய்ப் பார்த்தாள். திரையில் ஓர் அறிவிப்பு இருந்தது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் மாதச் சந்தா தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்ட வேண்டும்.

"மோசம் பண்ணிட்டானுங்க தம்பி" என்றார் அண்ணன்.

"யாரு அண்ணே?"

"இவனுங்கதான். நாலு வருஷமா சும்மா காட்டினான். இப்போ காசு கேக்கிறான். அதுவும் எந்த எடத்திலே நிறுத்தியிருக்கான் பாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாலு வருஷமா ஒரு காசு குடுக்காம கேட்டீங்க. இதிலே மோசம் எங்கே இருக்கு? கேட்டமட்டும் லாபம்னு விட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

அண்ணன் தறியை நிறுத்திவிட்டார். அவர் தறியை நிறுத்திப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"காசு குடுத்து வாங்கினது கெட்டுப்போச்சுன்னா சண்டை போடலாம். கடைக்காரன் சட்டையைப் பிடிக்கலாம். சும்மா குடுத்ததை நிறுத்தினா ஒரு வார்த்தை கேக்க வழியில்லே பாரு, அதைத்தான் மோசம்ங்கறேன்."

அண்ணி தாரைச் சுற்றிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "எங்க தாத்தாவுக்கு முதலாளி முன்பணம் குடுத்தப்போ வட்டியே வேணாம்னாராம். ரொம்ப நல்லவருன்னு ஊரே பேசிச்சாம். அந்த வட்டியில்லாப் பணத்துக்காக எங்கப்பா பத்து வயசிலே தறியிலே ஒக்காந்தாரு."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த இரண்டு பேச்சும் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டன.

முதலில் நான் அண்ணனுக்கு எதிராகவே வாதாடிப் பார்த்தேன். என் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு வருஷமாகக் காய் பறித்துக்கொண்டு போகிறாள். ஒருநாள் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மனத்தாங்கல் வரும், நியாயந்தான். ஆனால் நான் அவளுக்கு அநியாயம் செய்தேன் என்று சொல்ல முடியுமா? கொடுத்தவனுக்கு நிறுத்தவும் உரிமை உண்டு. அப்படி இல்லையென்றால் உலகத்தில் ஒருவனும் ஒருவனுக்கும் ஒரு காயும் கொடுக்க மாட்டான். முதல் நாள் கொடுக்கும்போதே, ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டிவருமே என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்வான்.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்றே நினைத்தேன். ஆனால் அண்ணி சொன்ன வட்டியில்லாப் பணத்துக்கு இதில் இடமே இல்லை. அதுவும் ஒருவிதத்தில் இலவசந்தானே? வட்டி வாங்காதவனை அநியாயக்காரன் என்று எந்தச் சாஸ்திரம் சொல்லும்? ஆனாலும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. கூலியை உயர்த்திக் கேட்க வாய் வராது. கோர்வைச் சேலைக்குக் கரைநாடா வீச ஆள் வேண்டுமென்றால் வீட்டுப் பிள்ளையே உட்கார வேண்டும். பட்டுத் தறி ஓடும் ஊர்களில் குழந்தைகள் தறிக்கு வந்த கதையில் இந்த முன்பணத்துக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. வட்டி வாங்காத அந்தக் கை, வட்டிக்காரனின் கையைவிட இறுகப் பிடித்திருந்தது.

ஆகவே கொடுக்கிறவன் என்ன விலை கேட்டான் என்று பார்த்தால் மட்டும் போதாது என்று தோன்றியது. மறுபடியும் முருங்கை மரத்துக்கே போனேன். நான் ஓர் அம்மாளுக்குக் கொடுக்கவில்லை. தெரு முழுவதுக்கும் இரண்டு வருஷம் இலவசமாகக் காய் கொடுக்கிறேன். தலையில் கூடை சுமந்து தினமும் வந்துகொண்டிருந்த காய்கறிக்காரி, வாங்க ஆளில்லாமல் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். அதற்குப் பிறகு ஒருநாள் நான் கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டு, "காய் ஒன்றுக்கு இன்ன விலை" என்று அட்டை எழுதித் தொங்கவிடுகிறேன். இப்போது நான் யார்? முருங்கைக்காய் கொடுத்த புண்ணியவானா, கூடைக்காரியை விரட்டியவனா?

பொதுவாக எல்லோரும் அறிந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். அண்ணன் வீட்டுக் கைபேசியில் கதை எந்தக் கம்பெனியுடையது என்பது நமக்கு வேண்டாம். தொழில் முழுவதுமே ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹூலு என்ற சேவை 2008-இல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்தது. 2016 ஆகஸ்டில் அந்த இலவசத்தை மூடிச் சந்தாவுக்குப் போயிற்று. நம் நாட்டில் கதை இன்னும் வேகமாக நடந்தது. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தபோது பேச்சும் இலவசம், இணையமும் இலவசம். முதலில் அந்த வருஷக் கடைசிவரை என்றார்கள். பிறகு 2017 மார்ச் கடைசிவரை நீட்டினார்கள். அந்த ஆறேழு மாதத்தில்தான் நம் ஜனங்களுக்குக் கைபேசியில் படம் பார்க்கும் பழக்கம் உடம்பில் ஊறிற்று. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018-இல் திவாலாகி, நம்மில் எத்தனையோ பேர் எண்ணை மாற்றுவதற்காகக் கடை வாசலில் வரிசையில் நின்றோம். அந்தக் கம்பெனி விழுந்ததற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் போட நான் வரவில்லை. ஆனால் இலவசத்தோடு போட்டி போட்டு யாரால் நிற்க முடியும்?

பிறகு கிரிக்கெட். ஐ.பி.எல். ஆட்டங்களை 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷம் இந்தியாவில் இணையத்தில் காட்டும் உரிமையை வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. இந்தத் தொகையைச் சற்று நிறுத்தி வாசித்துப் பாருங்கள். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதை 2023-இல் ஜியோசினிமாவில் எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். போட்டியாளர் சும்மா இருப்பாரா? அந்த வருஷத்து உலகக்கோப்பையைக் கைபேசியில் இலவசமாகக் காட்டினார்கள் ஹாட்ஸ்டாரில். நவம்பர் 19-ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தை அங்கே ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். இரண்டு யானைகள் ஒன்றன்மேல் ஒன்று இலவசத்தை வாரி இறைத்த காலம் அது. 2024 நவம்பரில் அந்த இரண்டு யானைகளும் ஒரே கொட்டடிக்கு வந்தன. 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி இரண்டு பெயரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் என்று ஆயிற்று. அந்த வருஷ ஐ.பி.எல். கொஞ்ச நேரம் சும்மா, அப்புறம் சந்தா. இன்ன ரீசார்ஜ் செய்தால் இலவசம் என்ற சலுகையும் இருந்தது. அதை இலவசம் என்று எப்படிச் சொல்வது? இடது பையில் எடுக்காமல் வலது பையில் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஓசி என்ற சொல்லே கும்பினியார் காலத்துத் தபால் முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அது நிஜமோ, யாரோ கட்டிவிட்டதோ, ஓசிக்கும் கும்பினிக்கும் முடிச்சுப் போட்டவன் கெட்டிக்காரன்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: எதுதான் ஐயா உலகத்தில் இலவசமாக இருந்தது? உண்மைதான். ரேடியோ வைத்திருந்தவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தபோது அதற்கும் லைசென்ஸ் இருந்தது. பிறகு விளம்பரம் வந்தது, லைசென்ஸ் போயிற்று. விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவன் சோப்புக் கம்பெனிக்காரன். சோப்புக் கம்பெனிக்குக் காசு கொடுத்தவர்கள் நாம். 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. பெட்டி இலவசம், அதில் படம் தெரிய வேண்டுமானால் கேபிள்காரருக்கு மாதாமாதம் பணம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்தபோது அதையும் இலவசத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேசினோம். ஆகப் பணம் எப்போதும் எங்கேயோ கைமாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சந்தர்ப்பங்களில் யாரும் "மோசம்" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஏன்?

எனக்கு எட்டு வயது இருக்கும். 1988-ஆம் வருஷம். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை படத்துக்கும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நிகழ்ச்சிக்கும் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூடத்தில் உட்கார விடுவாள். காசு கிடையாது. செருப்பை வெளியே விடவேண்டும், சத்தம் போடக்கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. ஒருநாள் பெட்டி கெட்டுப்போயிற்று. சென்னையிலிருந்து ஆள் வந்து பழுது பார்க்க ஏகப்பட்ட பணம் கேட்டானாம். அடுத்த வாரம் பாட்டி வாசலில் நின்றுகொண்டு, "இனிமே படத்துக்கு நாலணா. பெட்டிக் கடன் தீர்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

என்னிடம் நாலணா இல்லை. தெருவில் பாதிப் பிள்ளைகளிடம் இல்லை. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம். பாட்டி ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம், அவள் வீட்டு ஜன்னல். கொசு வருகிறது என்று அவள் மருமகள் இரண்டு தடவை முனகியது என் காதில் விழுந்தது. பாட்டி காது கேளாதவள்போல் இருந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவமானமாக இருந்தது என்பது உண்மை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள்மேல் பொறாமையும் இருந்தது. ஆனால் பாட்டி மோசம் செய்தாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் காரணத்தைச் சொன்னாள். படம் தொடங்குவதற்கு முன்னால் சொன்னாள். நடுவில் நிறுத்திவிட்டுச் சொல்லவில்லை. எங்களைக் கூடத்துக்குப் பழக்கிவிட்டு நாலணா வசூலிக்கலாம் என்று திட்டம் போட்டு அவள் முதல் நாள் கதவைத் திறக்கவும் இல்லை.

2019-இல் எங்கள் ஊரில் அத்திவரதர் எழுந்தருளியபோது இதே வேறுபாட்டை வேறொரு விதமாகப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வருகிறவர். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாட்கள். சீட்டு வாங்கினவர்களுக்கு ஒரு வரிசை, வாங்காதவர்களுக்கு ஒரு வரிசை. பகவான் முன்னால் இப்படி ஒரு பாகுபாடு கூடுமா என்பது தனி வழக்கு. அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும். ஆனால் வெயிலில் மணிக்கணக்காகக் கால் கடுக்க நின்றவர்கள்கூட, வரதர் தங்களை ஏமாற்றிவிட்டார் என்று சொல்லவில்லை. அந்த நீண்ட வரிசை தரிசனம் நடந்த நாளெல்லாம் திறந்தே இருந்தது.

கோயிலைப் பற்றிப் பேசுகையில் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக் கோயில்களில், ஏன் தமிழ்நாட்டுப் பழங்கோயில்கள் எல்லாவற்றிலுமே, சுவரெல்லாம் கல்வெட்டு. அவற்றில் மிகுதியானவை விளக்குக்குக் கொடுத்த கொடைகள். ஒருவன் ஒரு நந்தாவிளக்கு எரிக்க ஆசைப்படுகிறான். எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தொண்ணூற்றாறு ஆடு விடுகிறான். பல கல்வெட்டுகளில் வரும் கணக்கு இது. அந்த ஆடுகளை இடையர் பொறுப்பில் ஒப்படைக்கிறார்கள். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி போட்டு மந்தை அதே எண்ணிக்கையில் இருக்கும் என்பதால் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சந்திர சூரியர் உள்ளவரை இந்த விளக்கு எரிய வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கணக்குத்தான். விளக்கின் வெளிச்சத்தில் நின்று கும்பிடுகிறவனுக்கு அது இலவசம். ஆனால் அந்த வெளிச்சம் யார் வீட்டு நெய்யிலிருந்து வருகிறது, எத்தனை ஆட்டிலிருந்து, யார் கறக்கிறார்கள், எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் வாசலிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்ளலாம். தெரியாதவன் கேட்டுக்கொள்ளலாம். சந்திர சூரியர் இன்னும் இருக்கிறார்கள். அந்த விளக்குகளில் பெரும்பாலானவை என்றோ அணைந்துவிட்டன. மந்தை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஆயினும் அந்தக் கொடையாளி பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன். தன் சக்திக்கு உட்பட்டதை மறைக்காமல் சொன்னான். 23,758 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியதை இலவசமாகக் காட்டியவர்கள், அது எத்தனை நாளைக்கு, எதற்காக, யார் தலையில் முடியும் என்பதை வாசலில் எழுதவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது தானம் கொடுத்த மாட்டைப் பற்றி.

அப்படியானால் சந்தா கேட்பது தவறா? தவறே இல்லை என்பதுதான் என் முடிவு. அந்தக் கதையில் அழுகிற பெண்ணுக்குச் சம்பளம் வேண்டும். விளக்குப் பிடிக்கிறவனுக்கு வேண்டும். வசனம் எழுதுகிற என்னைப் போன்ற ஒருவனுக்கும் வேண்டும். சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் ஒரு வாசகர் வெகு சந்தோஷத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நாவலை பி.டி.எஃப்.ல படிச்சேன் சார். பிரமாதம். எங்க குரூப்பிலே எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்றார். எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து, ஒரு சிநேகிதர் கொடுத்த கடவுச்சொல்லை வைத்து ஒரு படம் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையில் மற்றவர்களுக்குச் சொல்லும் நியாயம் எதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணனும் கூலி வாங்கித்தான் நெய்கிறார். உடலையும் முந்தியையும் பெட்னி போட்டு இணைப்பதற்கு மட்டும் எத்தனை நேரம் ஆகும் என்று நெய்கிறவனுக்குத்தான் தெரியும். கடையில் சேலையை விரித்துப் போட்டு, "விசைத்தறியிலே இதே மாதிரி பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். தம்முடைய உழைப்புக்கு விலை வேண்டும் என்கிறவர், இன்னொருவன் உழைப்புக்கு விலை கேட்டால் மட்டும் மோசம் என்று சொல்லலாமா?

இதைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் மறுபடியும் ஊருக்குப் போனேன். ஆனால் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணனும் அந்த ஒரு மாதமாக ஏதோ யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அந்தக் கேபிள்காரரை ஞாபகம் இருக்குதா தம்பி?" என்று ஆரம்பித்தார்.

எப்படி இல்லாமல் இருக்கும்? எங்கள் தெருவில் முதலில் கம்பி இழுத்தவர் அவர். 1993-இல் சன் டி.வி. வந்த சில வருஷங்களுக்குள் வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்தார். அவர் வந்தபோது ஊரோரத்து டூரிங் டாக்கீஸ் போயிற்று என்பதும் நிஜம். ஆனால் அவர் முதல் மாதத்திலிருந்தே காசு வாங்கினார். விலை தெரிந்து, அதுவா இதுவா என்று யோசித்து, நாம் மாறினோம். மாதம் ஐந்தாம் தேதி சைக்கிளில் வருவார், பிற்பாடு மொபெட்டில். சேலை முடியவில்லை, கூலி வரவில்லை என்றால், "சரி, சேலை எறங்கினதும் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

"2020-லே ஊரடங்கு போட்டாங்களே, தறி நின்னுபோச்சு. கல்யாணமெல்லாம் தள்ளிப்போச்சு, சேலையை யார் வாங்குவா? அஞ்சு மாசம் நான் அவருக்கு ஒத்தை ரூபா குடுக்கலே. அவரு கனெக்‌ஷனைப் புடுங்கலே. புடுங்கியிருந்தா இந்த வீட்லே பைத்தியம் புடிச்சிருக்கும் எங்களுக்கு. அடுத்த வருஷம் போன்லே சும்மா வருதுன்னதும், கேபிள் எதுக்குத் தண்டமான்னு நான்தான் வேணாம்னுட்டேன். மூணு தடவை வந்து நின்னாரு. ஒண்ணும் சொல்லலே. ‘வேணும்னா சொல்லுங்க’ன்னுட்டுப் போனாரு. தெருவிலே ஒருத்தர் ஒருத்தரா எல்லாரும் நிறுத்திட்டோம்."

நானும் நிறுத்தினேன். எங்கள் வீட்டு இணைப்பை வேண்டாம் என்று சொன்னது நான்தான். என் தாயார்கூட, "பாவம்டா, இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். மாதம் இருநூறு ரூபாய் மிச்சம் என்று அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

கேபிள்காரர் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கிறாராம். கம்பிகள் மட்டும் எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் இன்னும் தொங்குகின்றன. நாளைக்கே அண்ணன் கேபிளுக்குத் திரும்ப நினைத்தாலும், சேலை இறங்கும்வரை காத்திருக்கிற ஆள் அங்கே கிடையாது. கைபேசி காத்திருக்காது. அதற்குச் சேலை எப்போது இறங்கும் என்று தெரியாது.

அவர் கொடுத்தது அந்த ஐந்து மாதம். அதற்கு அவர் விளம்பரம் செய்யவில்லை. இலவசம் என்ற வார்த்தையைக்கூட அவர் சொல்லவில்லை. நாங்கள் அதை வாங்கிக்கொண்டு, இலவசம் என்று எழுதித் தொங்கவிட்ட வேறொரு கடைக்குப் போனோம். மோசம் யார் யாருக்குச் செய்தது என்று அண்ணனைக் கேட்க வேண்டும் என்று போனவன், வாயைத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "அந்தத் தொண்ணூத்தொம்பது ரூபாயை உன் போன்லேருந்து கட்டிடு தம்பி. எனக்கு அதெல்லாம் வராது" என்றார். கட்டினேன். நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "இருக்கட்டும் அண்ணே" என்றேன். அண்ணி தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நோட்டை வாங்கிக்கொண்டேன். மீதி கொடுக்க என்னிடம் ஒரு ரூபாய்ச் சில்லறை இல்லை.

கைபேசியில் கதாநாயகி ஒரு மாதமாகக் கையில் வைத்திருந்த கடிதத்தைப் பிரித்தாள். அது வேறு யாருக்கோ வந்த கடிதம். அண்ணி "சே!" என்றாள்.

அண்ணன் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அவருக்கு அந்த அஞ்சு மாசத்திலே மூணு மாசத்துதான் பின்னாடி குடுத்தேன். ரெண்டு மாசம் நிக்குது. நம்பர் உன்கிட்டே இருக்குதா?"

என் கைபேசியில் தேடினேன். இருபது வருஷத்துக்குமேல் எங்கள் வீட்டுக்கு வந்து போனவரை நான் பெயர் போட்டுக் குறித்து வைத்திருக்கவில்லை. "கேபிள்" என்றுதான் இருந்தது. எண்ணைப் படித்துச் சொன்னேன். அண்ணி தார்ப்பெட்டி மூடியின் உட்புறத்தில் அதை எழுதிக்கொண்டாள்.